ஐந்து நாளாகியும் காயாத மிச்சப் பெயின்ட்: எப்படி அப்புறப்படுத்துவது?

கேள்வி

வணக்கம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்ததில் மூன்று பொருள்கள் மிஞ்சிக் கிடக்கின்றன. முதலாவது, 10 லிட்டர் வாளியில் ஏறத்தாழ 3 லிட்டர் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயின்ட். இரண்டாவது, மேலே ஒட்டியிருந்த தாள் முழுவதும் கிழிந்துபோன ஒரு பழைய தகர டப்பா. அதில் அரை லிட்டர் அளவுக்கு ஏதோ பெயின்ட் இருக்கிறது. மூன்றாவது, பிரஷ் கழுவிய டர்பன்டைன், கலங்கிய நிலையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில்.

மரத்தூளைக் கலந்து திறந்து வைத்தால் பெயின்ட் காய்ந்து கட்டியாகிவிடும் என்று படித்ததால், எமல்ஷன் வாளிக்குள் இரண்டு கைப்பிடி மரத்தூளைப் போட்டு, மூடியைக் கழற்றி மொட்டை மாடியில் வைத்தேன். ஐந்து நாள் ஆகிவிட்டது. மேலே பாலில் படிவதைப் போன்ற ஆடை, ஆனால் தோல் போலத் தடிமனாகப் படிந்திருக்கிறது. குச்சியால் குத்திப் பார்த்தால் அடியில் முதல் நாள் இருந்தபடியே கொழகொழவென்று இருக்கிறது. இடையில் ஒரு நாள் இரவு தூறலும் விழுந்தது. நிறையத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நான் எங்கே தவறு செய்தேன்?

பதில் 1

உங்கள் முறை சரிதான். வாளிக்குள்ளேயே காய வைத்ததுதான் தவறு. எமல்ஷனில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகப் போகப்போக, அதில் மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாகிவிடுகின்றன. சுவரில் நமக்கு வேண்டியதும் அந்தப் படலம்தான். ஆழமான வாளியில் அது முதலில் மேற்பரப்பில் உருவாகி, அடியில் இருக்கும் தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. ஐந்து நாள் அல்ல, ஐந்து மாதம் வைத்தாலும் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கக்கூடும்.

ஆடையை உரித்துத் தனியே எடுத்துவிடுங்கள். அது ஏற்கெனவே காய்ந்த பெயின்ட்தான். அகலமான ஓர் அட்டைப்பெட்டியின் உள்ளே கெட்டியான பாலித்தீன் தாளை விரித்து, மிச்சத்தை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயராதபடி ஊற்றுங்கள். 3 லிட்டருக்கு இரண்டு கைப்பிடி மரத்தூள் எந்த மூலைக்கும் போதாது; பெயின்ட் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு மரத்தூளோ காய்ந்த மணலோ சேர்த்து, பிசைந்தால் ஈரமண் போல உதிரும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மழை படாத, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நெருங்காதபடி வைத்து, தினமும் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

சாக்கடை வேண்டாம். தண்ணீர் கலப்பதால் நிறமியோ, பிசினோ, பெயின்ட் கெடாமலிருக்கச் சேர்க்கும் கிருமிக்கொல்லியோ எதுவும் மறைந்துவிடுவதில்லை. வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு அது கேடு. மழைநீர் வடிகாலில் ஊற்றினால் சுத்திகரிப்பு எதுவும் இன்றி நேரே நீர்நிலைக்குத்தான் போகும்.

தகர டப்பாவில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் அதில் கை வைக்காதீர்கள். ஒரு பழைய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, குச்சி நுனியால் ஒரு சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீரில் கரைந்து பரவினால் எமல்ஷன் வகை. கரையாமல் திரண்டு, குவளையின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய் வகை.

பதில் 2

இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? கொல்லையில் ஒரு குழி தோண்டி மொத்தத்தையும் ஊற்றி மூடிவிட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும். டப்பாவைக் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடலாம்.

பதில் 3

பதில் 2இல் சொல்லப்பட்ட இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். நான் பல வருடங்களாகப் பெயின்டிங் வேலையில் இருப்பவன். மண் உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் உறிஞ்சியதை அது தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. கரைப்பான்கள் மெல்ல இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். மூடிய டப்பாவைத் தீயில் போட்டால் உள்ளிருக்கும் ஆவி விரிந்து வெடிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

கேள்வி கேட்டவருக்கு ஓர் எச்சரிக்கை. அந்த டப்பாவில் இருப்பது எண்ணெய் வகை என்று தெரியவந்தால், அதில் மரத்தூளைக் கலக்கக் கூடாது. எனாமல் எனப்படும் எண்ணெய்ப் பெயின்ட், தண்ணீர் ஆவியாவதால் காய்வதில்லை. கரைப்பான் பறந்த பிறகு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. சுவரிலோ கதவிலோ அந்த வெப்பம் உடனே கலைந்துவிடும். ஆனால் எண்ணெயில் ஊறிய மரத்தூள் குவியலிலும் சுருட்டி வைத்த துணியிலும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலேயே பற்றிக்கொள்ளும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மரக்கதவுகளுக்கு லின்சீட் ஆயில் எனப்படும் ஆளிவிதை எண்ணெய் தேய்த்துவிட்டு, துடைத்த துணிகளை ஒரு சாக்குப் பையில் திணித்து மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது கருகல் வாடை அடித்தது. பையைக் கவிழ்த்தால், வெளித்துணிகள் சாதாரணமாக இருந்தன; நடுவில் இருந்த துணியோ காப்பித்தூள் நிறத்துக்கு மாறி, கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தது. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்றின் 22ஆவது மாடியில் தொடங்கிய தீக்குக் காரணம் இதே ஆளிவிதை எண்ணெய்த் துணிகள்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். எங்கள் துணி கருகிய அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் வெட்டவெளியில் தனித்தனியாக விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகே குப்பையில் போடுகிறேன். அதற்கு இடமில்லாவிட்டால், தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி இறுக மூடி வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

உண்மையைச் சொன்னால், அதே மரத்தூளைத் தகர டப்பாவிலும் கொட்டுவதற்காகத் தனியே எடுத்து வைத்திருந்தேன். குவளைச் சோதனை செய்தேன். சொட்டு கரையவே இல்லை. பாசிமணி போல உருண்டு, பிறகு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அது எனாமல்தான் போலிருக்கிறது. அதையும் டர்பன்டைனையும் என்ன செய்வது? பிரஷ் துடைத்த துணிகள் இரண்டு இருந்தன. இப்போதுதான் கொடியில் பிரித்துப் போட்டேன்.

பதில் 3

நல்ல காரியம் செய்தீர்கள். அரை லிட்டர் எனாமலைத் தீர்க்க மிக எளிய வழி, அதை அடித்துவிடுவதுதான். துருப்பிடிக்கத் தொடங்கிய இரும்புக் கம்பி, அலமாரியின் பின்பக்கம் என்று நிறம் யார் கண்ணிலும் படாத இடம் ஏதாவது இருக்கும். ஆனால் டப்பா எவ்வளவு பழையது என்று உங்களுக்கு நினைவில்லை என்றால் அதையும் செய்யாதீர்கள், ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். அப்போது மூடியை இறுக அடித்து, மேலே "எண்ணெய்ப் பெயின்ட், தீப்பற்றும்" என்று எழுதி, நிமிர்ந்த நிலையில் தனியே வைத்திருந்து, உங்கள் ஊர் நிர்வாகம் அபாயகரமான வீட்டுக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் நாளிலோ இடத்திலோ ஒப்படையுங்கள். பூச்சிமருந்து, பழைய பேட்டரி ஆகியவற்றைச் சேர்க்கும் அதே பட்டியலில்தான் இது வரும்.

டர்பன்டைனைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லை. பாட்டிலை இறுக மூடி, அசைக்காமல் சில நாள் வைத்தால் பெயின்டின் பெரும்பகுதி கசடாக அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மெதுவாக வேறொரு பாட்டிலில் இறுத்து, அடுத்த முறை பிரஷ் கழுவப் பயன்படுத்துங்கள். கசடை எனாமலோடு சேர்த்து ஒப்படையுங்கள். எக்காரணம் கொண்டும் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். அதன் ஆவி ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது என்பதால் அடுப்பறையில் அதற்கு இடமே இல்லை.

பதில் 4

எமல்ஷனைக் காய வைப்பதற்கு முன், அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்த்தீர்களா? ஆடையை எடுத்துவிட்டு நைலான் துணியில் வடிகட்டினால் பல சமயம் பெயின்ட் நன்றாகவே இருக்கும். அழுகிய முட்டை வாடை அடித்தாலோ, கலக்கிய பிறகும் கட்டி கட்டியாகத் திரிந்தே நின்றாலோதான் அதை விட்டுவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

வடிகட்டிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் மரத்தூள் கலந்ததோடு தூறல் தண்ணீரும் சேர்ந்து, நேற்றே வாடை வரத் தொடங்கிவிட்டது. ஆகவே பதில் 1இல் சொன்னபடி மணல் சேர்த்து இரண்டு அட்டைப்பெட்டிகளில் பரப்பியிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: ரோலரையும் வாளியையும் கழுவிய வெள்ளைத் தண்ணீர் அரை வாளி இருக்கிறது. அதை ஊற்றலாமா?

பதில் 1

அப்படியே ஊற்றாதீர்கள். கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவது போலவே இதிலும் கொஞ்சம் படிகாரத்தூளைக் கரைத்துக் கலக்கி, ஓர் இரவு அசையாமல் விடுங்கள். நிறமி திரண்டு அடியில் படிந்துவிடும். தெளிந்த நீரைக் குளியலறைச் சாக்கடையில் விடலாம், மழைநீர் வடிகாலில் வேண்டாம். வண்டலை அந்த அட்டைப்பெட்டியிலேயே கொட்டிக் காய விடுங்கள். அடுத்த முறை ரோலரைக் கழுவுவதற்கு முன், அதில் இருப்பதைப் பழைய செய்தித்தாளில் உருட்டித் தீர்த்துவிட்டால் இவ்வளவு தண்ணீர் சேராது.

கேள்வி கேட்டவர்

அட்டைப்பெட்டிகளில் பரப்பியதை நான்காம் நாள் மாலை எடுத்துப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழவில்லை. உடைத்தால் உள்ளேயும் ஈரமில்லாமல், காய்ந்த கலவை போலப் பொரிந்து வந்தது. அதைப் பையில் கட்டி, காலி வாளியை மூடியில்லாமல் குப்பை வண்டியில் கொடுத்தேன். வாங்கியவர் உள்ளே எட்டிப் பார்த்து, குச்சியால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். மூடியோடு வரும் டப்பாக்கள் வண்டியில் நசுங்கும்போது தம்மேல் தெறித்திருப்பதாகச் சொன்னார். டர்பன்டைன் பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குக் கசடு படிந்திருக்கிறது, மேலே நன்றாகத் தெளிந்துவிட்டது. எனாமல் டப்பா பெயர் எழுதப்பட்டு, சேகரிப்பு நாளுக்காகப் பரணில் அல்லாமல் வெளித் திண்ணையின் நிழலில் காத்திருக்கிறது.