தடயவியல் முதுமாணி விண்ணப்பம்: மூன்று வருடப் பட்டம், பெயர்ச் சிக்கல், எந்த நாடு?

தெஹிவளை_வேதி:

வணக்கம். கொழும்பில் இருக்கிறேன். இரசாயனவியல், விலங்கியல், தாவரவியல் சேர்ந்த மூன்று வருடப் பொதுப் பட்டம். இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு, ஜிபிஏ 3.12. இரத்மலானைப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பெரும்பாலும் எச்பிஎல்சிதான், கலவையில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கிற கருவி. வெளிநாட்டில் தடயவியல் முதுமாணி முடித்துவிட்டு இங்கேயே வந்து வேலை செய்ய வேண்டும் என்பது எண்ணம். இப்போது எல்லாப் பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் நாலு வருடப் பட்டம்தான் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டது. பிரிட்டனில் இன்னொன்றின் இணையப் படிவம் "ஆவணங்களில் பெயர் பொருந்தவில்லை" என்று சொல்லி நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. பட்டச் சான்றிதழில் அது வெறும் முதலெழுத்து, போதாததற்கு என் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு.

பம்பலப்பிட்டியில் ஒரு ஏஜென்ட் "தடயவியல் புலனாய்வு" என்று ஒரு கோர்ஸைக் காட்டி, இடம் உறுதி, முற்பணம் கட்டுங்கள் என்கிறார். வீட்டில் அம்மா, "பொம்பிளைப் பிள்ளைக்குப் பிரேத அறை வேலையா" என்று கேட்டுவிட்டுப் பேசுவதே இல்லை. நோக்க அறிக்கையின் முதல் வரி இப்படி: "சின்ன வயதிலிருந்தே துப்பறியும் தொடர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு..." இதற்கு மேல் ஓடவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பொரளை_நச்சியல்:

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், நீங்கள் பிரேத அறைப் பக்கமே போகத் தேவையில்லை. பிரேதப் பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. அதற்கு எம்பிபிஎஸ் முடித்து, பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் டிப்ளோமாவோ எம்டியோ செய்ய வேண்டும். இரத்தம், ஈரல், இரைப்பையில் இருந்தவை எல்லாம் முத்திரை வைத்த போத்தல்களில் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போகும். நீங்கள் உட்காரப் போவது அந்தப் போத்தலுக்கு முன்னால். கைரேகை பொலிஸின் குற்றப் பதிவுப் பிரிவிடம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் திறமைக்கு நச்சியல் அல்லது போதைப்பொருள் பகுப்பாய்வுதான் நேர்ப் பாதை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எந்த மேசையில் வேலை செய்யப் போகிறேன் என்று முடிவெடுக்காமல் நாட்டையும் பல்கலைக்கழகத்தையும் தேடுகிறவர்கள்தான் ஏஜென்ட் கையில் மாட்டுகிறார்கள். "புலனாய்வு" என்று பெயர் வைத்த கோர்ஸ்கள் பலவற்றில் குற்றவியலும் சம்பவ இட நிர்வாகமும்தான் அதிகம், ஜிசிஎம்எஸ் போன்ற பகுப்பாய்வுக் கருவிகள் பக்கம் போவதே குறைவு. பாடப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கருவிப் பகுப்பாய்வு, நச்சியல், ஆதார மதிப்பீட்டுப் புள்ளிவிவரம், தனி ஆய்வுத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் தடய அறிவியலுக்கான சார்ட்டர்ட் சங்கத்தின் அங்கீகாரம், அமெரிக்காவில் எஃப்இபிஏசி என்ற தடயவியல் கல்வி அங்கீகார ஆணைக்குழுவின் அங்கீகாரம். இரண்டுக்கும் பட்டியல் பொதுவில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஏஜென்டுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம், அதனால் ஒப்பந்தம் உள்ள இடங்களைத்தான் காட்டுவார். தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை, தொழில் அப்படி.

இன்னொன்று, இது கசப்பு. இங்கே திரும்பி வந்து அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வர்த்தமானியில் முதலில் கேட்பது அடிப்படைப் பட்டத்தைத்தான். வெளிநாட்டு முதுமாணி அந்த இடத்தை நிரப்பாது. பழைய வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்து, உங்கள் பொதுப் பட்டம் தகுதி பெறுகிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவனத்தின் கிராஜுவேட்ஷிப் (பட்டத்துக்கு இணையான தகுதி) போன்ற வழியை யோசிக்க வேண்டியிருக்கும். வேலையை விடாமல் செய்வதென்றால் கொழும்பிலும் பேராதனையிலும் பகுப்பாய்வு இரசாயனவியல் முதுமாணி இருக்கிறது. நச்சியலுக்கு அது குறைந்த தகுதி அல்ல.

வத்தளை_காந்திநகர்:

மூன்று வருடப் பட்டம் இந்தியாவில் பிரச்சினையே இல்லை, அங்கே பிஎஸ்சியே பெரும்பாலும் மூன்று வருடம்தான். பிரிட்டனிலும் அதே கதை. அமெரிக்காவில் பல இடங்கள் நாலு வருடம் கேட்கும், அந்த ஒரு வரிப் பதிலுக்கு மனம் உடைய வேண்டாம்.

காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. முன்பு குஜராத் மாநிலத்தின் பல்கலைக்கழகமாக இருந்ததை 2020இல் பாராளுமன்றச் சட்டம் மூலம் தேசிய நிறுவனமாக்கினார்கள். முதுமாணி இரண்டு வருடம். நான் அங்கே படித்தேன். மதுவிலக்கு உள்ள மாநிலம் என்பதால் சாராய மாதிரிகளைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவே இல்லை, நச்சியல்காரருக்கு அதுவும் ஒரு பாடம். சாப்பாடு கொஞ்சம் இனிக்கும், பருப்பு உட்பட. பழகிவிடும்.

கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகங்கள், எந்தப் பாடங்கள் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

புதுக்கடை_கறுப்புக்கோட்:

பெயர் விஷயம் எங்கள் ஆட்களுக்குப் பரம்பரை வியாதி. படிவத்தில் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பதிவும் அதே பெயரில்தான் இருக்க வேண்டும், அங்கே மாறினால் பிறகு விசாவிலும் இழுக்கும். பட்டச் சான்றிதழுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று ஒரு சத்தியக்கடதாசி. சமாதான நீதவான் முன்னால் செய்யலாம், வெளிநாட்டுக்கு என்பதால் சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னால் ஆங்கிலத்தில் செய்வது நல்லது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து இணையுங்கள். அதற்குள் மூன்றாவது எழுத்துக்கூட்டல் ஒன்று புகுந்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல், கோப்புகளை இணைத்து. படிவத்தின் தானியங்கிச் செய்தியோடு சண்டை பிடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் மனிதர் பார்த்தால் தீர்ந்துவிடும்.

கேட்காததற்கும் ஒரு பதில். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் என்று சொல்வது அந்தத் துறையில் விசேட தேர்ச்சி உள்ளவரை. குறுக்கு விசாரணையில் நான் பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, இந்தக் கருவியில் எத்தனை வருடம், இந்த முறையைச் சரிபார்த்தது யார், மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்றுதான் கேட்பேன்.

மட்டக்குளி_மான்செஸ்டர்:

பிரிட்டன் வருகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் அரச தடய அறிவியல் சேவையை 2012இல் மூடிவிட்டார்கள். இப்போது வேலை தனியார் ஆய்வுகூடங்களிலும் பொலிஸ் படைகளிலும். பொலிஸ் பின்னணிச் சோதனைக்குப் பல இடங்களில் குறைந்தது மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். முதுமாணி ஒரு வருடம். படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். ஒரு வருடத்தையும் பதினெட்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள், மூன்று வராது. இங்கேயே தங்கி வேலை என்ற நினைப்போடு கடன் வாங்க வேண்டாம். நீங்கள் திரும்பிப் போகிற ஆள் என்றால் கதை வேறு. படிப்பு நல்ல படிப்பு, கிளாஸ்கோவில் ஸ்ட்ரத்கிளைட் 1960களிலிருந்தே இதைக் கற்பிக்கிறது.

திரும்பிப் போகிறவருக்குப் பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் பொருந்தும். இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். வழமையாக ஆகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடுவார்கள்.

வெள்ளவத்தை_எலும்பு:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குத் தடய மானிடவியல் பக்கம் ஆசை, அதாவது எலும்பை வைத்து ஆளை அடையாளம் காண்பது. பட்டம் தொல்லியல். மன்னார், செம்மணி மனிதப் புதைகுழிகளைப் பார்த்த பிறகு வந்த ஆசை. எம்பிபிஎஸ் இல்லாமல் முடியுமா?

பொரளை_நச்சியல்:

முடியும், தம்பி. டண்டியில் உடற்கூறியல், மனித அடையாளம் காணல் என்று தனி மையமே இருக்கிறது, தொல்லியல் பட்டதாரிகள் அந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்ல. இங்கே மனிதப் புதைகுழி அகழ்வு நீதவான் உத்தரவின்படி, சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் சேர்ந்து செய்வது. மன்னாரில் 2018இல் எடுத்த எலும்பு மாதிரிகளைக் காலக்கணிப்புக்குப் புளோரிடாவரை அனுப்ப வேண்டி வந்தது. படித்தவர்கள் இங்கே தேவை. ஆனால் நிரந்தரப் பதவி என்று ஒரு கதிரை உங்களுக்காகக் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். தனி இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

தெஹிவளை_வேதி:

எல்லோருக்கும் நன்றி. வர்த்தமானி பார்த்தேன், பொரளை அக்கா சொன்னது சரிதான், யோசிக்க வேண்டிய விஷயம். இப்போதைக்குப் பிரிட்டனில் இரண்டு, காந்திநகர், பேராதனை என்று பட்டியலைச் சுருக்கிவிட்டேன். முற்பணம் கட்டவில்லை. நோக்க அறிக்கைதான் இன்னும் மிரட்டுகிறது. மாத்திரை சோதிக்கிற எனக்கு அதில் எழுத என்ன இருக்கிறது?

பொரளை_நச்சியல்:

என்ன இல்லை என்று கேளுங்கள். துப்பறியும் தொடர் வரியை முதலில் அழியுங்கள், அதை வாசித்து வாசித்துச் சேர்க்கைக் குழுவுக்கு அலுத்திருக்கும்.

உங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரி வரம்புக்கு வெளியே போனால் என்ன செய்வீர்கள்? பிடித்த முடிவு வரும்வரை திருப்பித் திருப்பிச் சோதிக்க விடமாட்டார்கள். முதல் முடிவை அழிக்க முடியாது. தராசு, நியமக் கரைசல், கொலம், கணக்கு எல்லாவற்றையும் பார்த்து, காரணத்தை எழுதி, ஒருவர் கையெழுத்திட்ட பிறகுதான் மறுசோதனை. 1993இல் அமெரிக்காவில் பார் லபோரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பனி மீதான வழக்கில் நீதிமன்றம் வரை போய் உறுதியான விஷயம் இது. இப்போது அந்த மாத்திரையின் இடத்தில் ஒரு சந்தேகநபரின் இரத்தத்தை வையுங்கள். பொலிஸ் இன்ன விடையை எதிர்பார்க்கிறது என்று தெரிந்த நிலையிலும் முதல் முடிவை மறைக்காமல் எழுதுகிற ஒழுங்கு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2009இல் வெளியிட்ட அறிக்கை தடயவியலைக் குறை சொன்னதே இந்த மாதிரி இடங்களில்தான்: முறைகள் சரிபார்க்கப்படாதது, ஆய்வாளரின் சார்பு, பிழை வீதம் தெரியாதது. டிஎன்ஏயைத் தவிர வேறு எந்த முறையும், ஒரு தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்கும் அளவுக்குக் கடுமையாக நிரூபிக்கப்படவில்லை என்றார்கள்.

ஆகவே முதல் பத்தியில் நீங்கள் செய்த ஒரு வரம்புமீறல் விசாரணை. கம்பனியின் பெயர், மருந்தின் பெயர் வேண்டாம். அடுத்து முறைச் சரிபார்ப்பு: நேர்கோட்டுத் தன்மை, திருப்பிச் செய்தாலும் அதே முடிவு வருகிறதா என்பது, கண்டறியும் எல்லை என்று நீங்கள் செய்ததை மட்டும். பிறகு உங்களுக்குத் தெரியாதது எது, அதை இந்தக் கோர்ஸின் எந்தப் பாடத்தில் படிக்கப் போகிறீர்கள். உயிரியல் மாதிரிகளில் நீங்கள் வேலை செய்ததில்லை, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தொட்டதில்லை என்று நினைக்கிறேன், அதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஜிபிஏக்கு மன்னிப்புக் கேட்டுப் பத்தி எழுத வேண்டாம். இரசாயனவியல் பாடங்களில் நல்ல தரம் இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

தெஹிவளை_வேதி:

சரி அக்கா, இன்றிரவே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று. சிபாரிசுக் கடிதத்துக்கு என் விரிவுரையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. எங்கள் ஆய்வுகூட மேலாளர் தரத் தயார், ஆனால் அவர் பாவிப்பது ஜிமெயில்.

வத்தளை_காந்திநகர்:

விரிவுரையாளரை நேரில் போய்ப் பாருங்கள், துறை அலுவலகத்தில் எந்த நாள் இருப்பார் என்று முதலில் கேட்டுவிட்டு. கையில் ஒரு தாள் கொண்டு போங்கள்: எந்த வருடம் அவரிடம் படித்தீர்கள், என்ன தரம், செய்முறைத் திட்டம் எது, எந்தத் திகதிக்குள் கடிதம் வேண்டும். அவருக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள், முகம் நினைவிருந்தாலும் விவரம் இருக்காது. மேலாளரிடம் கம்பனி மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதைத்தான் படிவத்தில் கொடுங்கள், ஜிமெயிலைப் பல படிவங்கள் ஏற்காது. கம்பனி முகவரியே இல்லையென்றால் கம்பனித் தலைப்புத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஸ்கேன் செய்து, சேர்க்கைப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெறுபேற்று அட்டவணையின் முத்திரையிட்ட பிரதிக்கும் பரீட்சைப் பிரிவில் இப்போதே பணம் கட்டிவிடுங்கள், அந்த வரிசை எல்லாவற்றையும் விட மெதுவாக நகரும்.