மீன் தொட்டிச் செடியில் புது இலை மட்டும் வெளுக்குது: உரமா, ஃபில்டர் மீடியாவா (ஃபில்டருக்குள் போடும் பொருளா)?

கேள்வி (கொருக்குப்பேட்டை)

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகள்) 900, பிஎச் (அமில-காரத் தன்மை) 8. தொட்டி விளிம்பில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டரில் கார்பன் கார்ட்ரிட்ஜ் (கார்பன் நிரப்பிய பஞ்சு), கூடவே ஒரு பை கோரல் சிப்ஸ் (பவளத் துண்டுகள்). கப்பியும் மோலியுமாக 12 மீன். வாரம் ஒருமுறை ஈடிடிஏ (இரும்பைக் கரைசலில் பிடித்து வைக்கும் பொருள்) இரும்பு உரம் ஊற்றியும் அமேசான் ஸ்வார்ட் செடியின் புது இலை மஞ்சளாகவே வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. ஜாவா ஃபெர்ன் செடியின் பழைய இலைகளில் குண்டூசி அளவு ஓட்டைகள். மாடித் தோட்டத்துக்கு வாங்கிய 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) இருக்கிறது, அதைப் போடலாமா?

பதில் 1 (பெரம்பூர்)

19:19:19 வேண்டவே வேண்டாம் ப்ரோ. அதுல இருக்கிற நைட்ரஜன்ல பாதிக்கு மேல யூரியா, ஒரு பங்கு அம்மோனியம். யூரியாவும் தொட்டிக்குள்ள அம்மோனியாவாத்தான் மாறும். பிஎச் 7ல இருக்கிறதைவிட 8ல விஷமான அம்மோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு. மீனுக்கு ஆபத்து.

பதில் 2 (தண்டையார்பேட்டை)

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி குறைகள். புது இலை வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. பழைய இலையில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியக் குறை.

இரும்பு ஊற்றியும் சேராததற்குக் காரணம் தண்ணீர்தான். ஈடிடிஏ பிடித்து வைத்திருக்கும் இரும்பு, பிஎச் 6.5 தாண்டினாலே நழுவ ஆரம்பிக்கும்; உங்கள் தண்ணீரில் செடிக்கு எட்டும் முன்பே துருவாகிப் படிந்துவிடும். மிச்சத்தில் ஒரு பங்கைக் கார்பன் இழுத்துக்கொள்ளும். 11 சதவீத டிடிபிஏ இரும்பு (ஈடிடிஏவைவிட உயர்ந்த பிஎச் வரை இரும்பை விடாமல் பிடிப்பது) வாங்குங்கள். 2 கிராமை 500 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால், 10 மில்லிக்கு உங்கள் தொட்டியில் 0.1 பிபிஎம் (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) ஏறும். பிஎச் 8ல் இதுவும் நெடுநேரம் தாங்காது. அதனால் வாரத்துக்கு ஒரேயடியாக ஊற்றாமல் ஒருநாள் விட்டு ஒருநாள், விளக்கு போடும் முன் ஊற்றுங்கள். பாட்டில் வெளிச்சம் படாத இடத்தில் இருக்கட்டும்.

ஸ்வார்ட் வேரால் அதிகம் உண்ணும் செடி. வேர்ப்பக்கம் 4 செ.மீ. ஆழத்தில் ஒரு ரூட் டேப்லெட் (வேருக்கான உர மாத்திரை) புதைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பதில் 3 (வியாசர்பாடி)

பொட்டாசியத்துக்கு 13:0:45. அது பொட்டாசியம் நைட்ரேட், அம்மோனியம் கிடையாது. 30 கிராமை 300 மில்லியில கரைச்சா 10 மில்லிக்கு 1 கிராம். 45 லிட்டர்ல நைட்ரேட் 13, பொட்டாசியம் 8 பிபிஎம் ஏறும். வாரத்துக்கு 5 மில்லி ரெண்டு தடவை. முதல்ல நைட்ரேட் டெஸ்ட் பண்ணுங்க. ஏற்கெனவே 20க்கு மேல இருந்தா இதை விட்டுட்டு 0:0:50 (நைட்ரஜன் இல்லாத பொட்டாசியம் சல்பேட்) போடுங்க.

இரும்பை இழுக்கிற கார்பனை எடுத்துடுங்க. ஆனா எடுக்கச் சொன்னா நிறைய பேர் கார்ட்ரிட்ஜையே தூக்கிப் போட்டுடறாங்க. அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அந்தப் பஞ்சுலதான் குடியிருக்கு. பஞ்சை ஓரமாக் கிழிச்சு கார்பனை மட்டும் கொட்டிட்டு, அதே பஞ்சை உள்ளேயே விடுங்க. தண்ணி முதல்ல படுற இடத்துல ஸ்பாஞ்ச், அதுக்கப்புறம் செராமிக் ரிங் (பாக்டீரியா குடியேறுற துளை உள்ள வளையம்). நாலு வாரம் கழிச்சுப் பழைய பஞ்சை எடுக்கலாம். ஸ்பாஞ்சைக் கழுவ, மாத்தும்போது எடுத்த தொட்டித் தண்ணியே போதும். மெட்ரோ வாட்டர் குழாய்ல காட்டினா குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுடும்.

கேள்வி கேட்டவர்

கோரல் சிப்ஸ்? ஆர்ஓ தண்ணீர் கலக்கலாமா?

பதில் 2

சிப்ஸை எடுத்துவிடுங்கள். அது சுண்ணாம்பு, ஆர்ஓ கலந்து நீங்கள் இறக்கும் பிஎச்சை அது மறுபடி ஏற்றும். வாரம் 10 லிட்டர் மாற்றும்போது பாதி ஆர்ஓ, பாதி போர் போதும். அதற்குமேல் மென்மையாக்க வேண்டாம், மோலிக்கு ஆகாது. ஓட்டை விழுந்த இலை ஆறாது, நறுக்கிவிடுங்கள். மூன்று வாரத்தில் வரும் புது இலையை வைத்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.