நாலு டின் அரிசி மூன்றுக்குள் வந்த கதை. உங்கள் வீட்டில் எப்படி?

ரங்கூனில் தாம்வே பக்கம் இருக்கிறோம். விலைவாசியைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. விலையை எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் அது மாறிவிடும், அதனால் அளவை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டில் முன்பு ஐந்து பேர். மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, பையன் போன வருஷம் பாங்காக் போனான். இப்போது நான், வீட்டுக்காரர், மாமியார். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி சோறு இறங்கினால் பெரிய விஷயம். ஆனால் காலையில் அரிசிப் பானைக்குள் கைவிட்டால் என் கை நாலு டின் அளந்த பிறகுதான் நிற்கும். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே அரிசி அளப்பது கண்டன்ஸ்ட் மில்க் டின்னில், நோசிபூ என்பார்கள். எட்டு டின் ஒரு ப்யி, 24 ப்யி ஒரு மூட்டை.) பிள்ளைகள் போனது எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. குறைத்து அளக்கலாமா என்று ஒரு தடவை அத்தையிடம் கேட்டேன். "வீட்டுக்கு ஆள் வந்தா பானையைச் சுரண்டியா போடுவே?" என்றார். ஆள் வந்து எத்தனை நாளாச்சு என்று திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

மிஞ்சியது எல்லாம் முன்பு ஃபிரிட்ஜுக்குள் போகும். ஃபிரிட்ஜுக்குள் போனால் வீணாகவில்லை என்று ஒரு நினைப்பு. மூன்றாம் நாள் அதையே எடுத்து நாய்க்கும் காக்காய்க்கும் போடுவேன், அதையும் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வேன். அப்புறம் கரண்ட் முறை வைத்து வர ஆரம்பித்தது. நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது, சில நாள் அதுவும் கிடையாது. ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது.

ஒரு நாள் இரவு, மதியம் வடித்த சோறு பாத்திரத்தோடு வெளியிலேயே இருந்துவிட்டது. மறுநாள் காலை மோந்து பார்த்தேன், வாடை இல்லை. வெங்காயம், மஞ்சள், வேகவைத்த பட்டாணி எல்லாம் போட்டு நன்றாகச் சூடாக்கி, இங்கே காலையில் சாப்பிடுகிற தமின் ஜோ மாதிரி வறுத்துக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார், சாயங்காலம் கிளினிக். டாக்டர் திட்டவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: ஆறிப்போய் வெளியில் கிடக்கிற சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி வளரும், அது விடுகிற நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதாம். நான் மிச்சப்படுத்தியது ஒரு டின் அரிசி, கொடுத்த பில் பாதி மூட்டை அரிசி.

அன்றைக்குத்தான், மிஞ்சியதை எப்படிக் காப்பாற்றுவது என்கிற யோசனையை விட்டுவிட்டு, ஏன் மிஞ்சுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு தொங்குதராசு கொண்டுவந்தார். ஒரு வாரம், வெளியே கொட்டுவதற்கு முன்னால் எதுவாக இருந்தாலும் பையில் போட்டு நிறுத்து, காலண்டர் தாளில் எழுதினோம். ஏழு நாளில் சோறு மட்டும் மூன்று வீசைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வீசை 1.63 கிலோ, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (வீசை நம் சொல்தான். பர்மியர்கள் பெய்த்தா என்கிறார்கள், வெள்ளைக்காரன் விஸ் என்று எழுதினது நம் வீசையிலிருந்துதான்.) சோறு போக, வாடிய கீரை, மல்லித்தழை, பாதி வெட்டி மறந்துபோன சுரைக்காய், புளித்துப்போன மாவு. அந்தத் தாளை அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரே வந்து அரிசி அளந்தார். இரண்டு டின். இரவுக்கு வேண்டுமென்றால் சாயங்காலம் இன்னொன்று வடித்துக்கொள் என்று உத்தரவு. முன்பு ஒரு மூட்டை எங்களுக்கு 48 நாள் வரும். இப்போது 70 நாளை நெருங்குகிறது. புதுச் சோறு வேகும்வரை பழையதைத் தொடக் கூடாது என்று ஒரே பிடிவாதமாக இருந்தவர் அத்தை, அதை மாற்றிக்கொண்டதுதான் அவருக்குக் கஷ்டம்.

காய்கறியில் எனக்கு வெட்கம்தான் முதல் தடை. எப்போதும் அரை வீசை, ஒரு வீசை என்று வாங்கிப் பழகிய கை. கத்திரிக்காய் அசெய்த்தா போடு என்று கேட்க நாக்கு கூசியது. அசெய்த்தா என்றால் கால் வீசை, 400 கிராம் வரும். காய்க்காரி முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். அவள் நிறுத்துக்கொண்டே, "அமா (அக்கா), இப்ப எல்லாரும் இப்படித்தான், தஸெத்தா கேக்கிறவங்ககூட இருக்காங்க" என்றாள். தஸெத்தா என்றால் வீசையில் பத்தில் ஒன்று, ஒரு கைப்பிடி! அன்றோடு வெட்கம் போச்சு. கால் வீசையாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடத்தான் படுகிறது, ஒளிப்பானேன். ஆனால் அரை வீசை வாங்கிப் பாதியைக் கொட்டினால் அதுதான் உண்மையில் இரட்டை விலை.

இதை எல்லாவற்றுக்கும் சொல்லமாட்டேன். அரிசி மூட்டையாக வாங்குவதுதான் லாபம், வண்டு வராமல் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டால் சரி. பருப்பும் அப்படியே. எண்ணெய் மட்டும், மழைக்காலத்தில் பெரிய டின்னாக வாங்கிவைத்து சிக்கு வாடை அடித்த பிறகு, கடைத்தெருவில் ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்குகிற சின்னப் பொட்டலத்துக்கு மாறினேன். பொட்டலமாக இருந்தால் ஊற்றுகிற கையும் தானாகச் சுருங்குகிறது. மசாலாவை, என் பாட்டி சூரத்தி பஜார் என்று சொல்கிற தேய்ஞ்சி ஜே கடைகளில் பத்து நாளைக்கு மட்டும் வாங்குகிறேன். உளுந்து தனிக் கதை. விளைவது இங்கே, ஆனால் இந்தியாக்காரர்கள் அள்ளி வாங்குகிற சமயத்தில் நம் ஊர் உளுந்து நமக்கே எட்டாது. முன்பு வாரத்துக்கு ஒரு தடவை மாவு அரைப்பேன். ஃபிரிட்ஜ் இல்லாத சூட்டில் மூன்றாம் நாள் அது மூக்கைத் துளைக்கும். இப்போது ஒரே ஒரு டின் உளுந்து, இரண்டு நாள் மாவு, முதல் நாள் இட்லி, மறுநாள் ஊத்தப்பம், தீர்ந்தது.

தோற்றதையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயோ படித்துவிட்டு சாப்பாட்டுத் தட்டைச் சின்னதாக மாற்றினேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி டீக்கடைக்குப் போய்ப் பட்டாணியோடு இரண்டு பலாட்டா சாப்பிட்டு வந்தார், அந்தக் காசுக்கு வீட்டில் மூன்று பேர் சாப்பிடலாம். பெரிய தட்டு திரும்பி வந்துவிட்டது. முதலில் ஒரு கரண்டி குறைவாக வைத்துவிட்டு, வேண்டுமா என்று கேட்பது மட்டும் நிலைத்துவிட்டது.

உங்கள் வீடுகளில் எப்படி, எழுதுங்கள்.

மோல்மேன் மருமகள்:

அக்கா, தராசு விஷயம் படித்ததும் சிரித்தேன், பிறகு எங்கள் வீட்டுக் குப்பையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அளவாகச் சமைத்தால் குறைவது யாருடைய சாப்பாடு? எங்கள் வீட்டில் ஆண்கள், பிள்ளைகள், மாமனார் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். முன்பு கூடுதலாக வடித்ததால் எனக்கும் இருந்தது. நானும் உங்களைப் போல அளவைக் குறைத்தேன், ஒரே மாதத்தில் வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள், மிஞ்சுவதே இல்லை, மருமகள் கெட்டிக்காரி என்று. மிஞ்சாததற்குக் காரணம், கடைசி ஆள் நான் வெறும் குழம்பைக் குடித்துவிட்டுப் படுத்ததுதான். குழம்பு காரமாக இருந்தால் தண்ணீர் அதிகம் குடிப்பேன், வயிறு நிறைந்துவிடும்.

இதை வாய்விட்டுச் சொல்ல மூன்று மாதம் ஆச்சு. இப்போது சோறு வடித்ததும் முதலில் என் தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் பரிமாறுகிறேன். மாமியார் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். டின் கணக்கு போடுகிறவர்கள் பெண்களையும் ஒரு ஆளாகச் சேர்த்துப் போடுங்கள், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

எங்கள் கோயில் அன்னதானத்தில் ஒரு நல்ல வழக்கம் வந்திருக்கிறது. முதல் தடவை அரைக் கரண்டிதான். பிறகு இலை இலையாகப் போய், இன்னும் வேணுமா என்று கேட்டு வைக்கிறார்கள். பையன்களுக்கு நடக்கிற வேலை இரட்டிப்பு, ஆனால் குப்பைக் கூடையில் விழுகிற சோறு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது.

பெகு பெரியவர்:

1987 செப்டம்பரில் 25, 35, 75 க்யாட் நோட்டு செல்லாது என்று ஒரே அறிவிப்பில் சொன்னார்கள், மாற்றியும் தரவில்லை. என் தகப்பனார் கடைப் பெட்டியில் இருந்ததில் பெரும்பகுதி காகிதமாகப் போய்விட்டது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்மா அன்றிலிருந்து ஒன்று செய்தார்கள். அளந்த அரிசியை உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி திரும்ப எடுத்து, ஒரு மண்கலயத்தில் போடுவார்கள். பிடியரிசி என்று ஊரில் கோயிலுக்கு எடுத்து வைப்பார்களே, அதேதான், எங்கள் அம்மா கோயிலுக்குப் பதிலாக மாசக் கடைசிக்கு வைத்தார்கள். ஒரு பிடி சுமார் 45 கிராம். வேளைக்கு ஒரு பிடி, நாளைக்கு இரண்டு, மாதத்துக்கு அறுபது பிடி, ஒரு ப்யியைத் தாண்டிப் போகும். சாப்பிட உட்கார்ந்த எங்களில் ஒருத்தருக்கும் அந்தப் பிடி குறைந்தது தெரிந்ததில்லை. மேலே எழுதிய மோல்மேன் மருமகள் சொல்வதைப் படித்ததும் இப்போது ஒரு சந்தேகம். அம்மா எப்போது சாப்பிடுவார்கள் என்று நான் பார்த்ததாக நினைவில்லை.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன்:

கடைக்காரன் பக்கத்திலிருந்து சுருக்கமாக. இங்கே சோறு தீர்ந்தால் இன்னொரு தட்டு கொண்டுவந்து வைப்பது வழக்கம், அதற்குக் காசு கிடையாது. அதனால் முதல் தட்டைக் கோபுரமாக்க வேண்டிய அவசியமே இல்லை. கோபுரத்தை இறக்கினேன். முதல் வாரம் இரண்டு பேர் "என்ன, சோறு சுருங்கிப்போச்சு" என்று கேட்டார்கள், பையன் உடனே அடுத்த கரண்டியோடு போய் நின்றான், பேச்சு முடிந்தது. பன்றிக்கு வாங்கிப் போகிறவர் மட்டும் வாளி நிறையவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்.

தாம்வே (முதலில் எழுதியவள்):

மோல்மேன் மருமகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்கிறோம், ஆனால் அது கொள்கை எல்லாம் இல்லை, ஆள் குறைந்துபோனதால் வந்தது. பிள்ளைகள் இருந்தபோது நானும் கடைசிதான். நாலு டின்னில் ஒரு டின், எனக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து நானே போட்டதாக இருக்குமோ என்னவோ.

பெரியவரின் பிடியரிசியை இந்த மாதம் ஆரம்பித்திருக்கிறேன். அத்தைக்கு வேலை கிடைத்துவிட்டது, பிடியை அவர்தான் எடுக்கிறார். அவர் கை சின்னது, 45 கிராம் வராது.

பழைய பெரிய சோற்றுப் பானை என்ன ஆச்சு என்று தனியாகக் கேட்டவருக்கு: பழைய சாமான்காரனுக்குப் போடலாம் என்றேன், அத்தை விடவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரும் ஓடாது, அதனால் அதில் இப்போது தண்ணீர் பிடித்து வைக்கிறோம். இரண்டு குடம் கொள்ளுகிறது.