'லேண்ட்ஸ்லைடு' வெற்றி: 'பெருவாரி வெற்றி' பொருந்துமா?

வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் கணிப்புகளைத் தமிழில் எழுதும்போது, மிகப் பெரிய வித்தியாசத்தில் வெல்வதைக் குறிக்கும் 'லேண்ட்ஸ்லைடு' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிலர் நேர்ப்பொருளில் 'நிலச்சரிவு வெற்றி' ஆக்கிவிடுகிறார்கள். இதை ஏற்கவே கூடாது. நமக்கு 'வாக்குச் சரிவு' என்றால் வாக்கு குறைந்தது என்று பொருள். 'ரீகனுக்குச் சரிவு வெற்றி' என்று படிப்பவர் அவருடைய வாக்கு இறங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார். 'அலை வெற்றி'யும் வேண்டாம். அலை என்பது காரணம். நாம் பெயர் தேடுவது விளைவின் அளவுக்கு. 'அமோக வெற்றி' செய்தித்தாளுக்குப் போதும், ஆனால் அதற்கு வரம்பு கிடையாது.

என் முன்மொழிவு 'பெருவாரி வெற்றி'. 'பெருவாரியான வாக்குகள்' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் புழங்குகிறது. வரம்பு: அடுத்தவரைவிட 10 சதவீதப் புள்ளி கூடுதல்.

——

> வரம்பு: அடுத்தவரைவிட 10 சதவீதப் புள்ளி கூடுதல்.

சொல் நன்று ஐயா. வரம்புதான் இடிக்கிறது. 1964 அதிபர் தேர்தலில் ஜான்சன், எதிர்த்து நின்ற கோல்ட்வாட்டரைவிட மக்கள் வாக்கில் 22.6 புள்ளி கூடுதலாகப் பெற்றார். தேர்வாளர் வாக்கு, அதாவது மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்கு, 486. 1980இல் ரீகன் கார்ட்டரைவிட 9.7 புள்ளிதான் கூடுதல். தேர்வாளர் வாக்கோ 489. உங்கள் வரம்பில் ரீகன் வெளியே போய்விடுகிறார்.

மேய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு முழுவதும் போகும். 41 சதவீத மக்கள் வாக்கு வாங்கியும் கார்ட்டருக்குக் கிடைத்தது ஆறு மாநிலங்களும் தலைநகரமும்தான், 538இல் 49. ஆகவே இரண்டு சொல் தேவை: 'மக்கள்வாக்குப் பெருவாரி', 'தேர்வாளர்வாக்குப் பெருவாரி'. சட்டத்தில் இதற்கு வரையறை இல்லாததால் வரம்பை நாமே சொல்லிவிட வேண்டும். முதலாவதற்கு 10 புள்ளி இருக்கட்டும். இரண்டாவதற்கு 375, அதாவது ஏறக்குறைய 70 சதவீதம்.

கணிப்புக்கு 'பெருவாரி வாய்ப்பு' என்றே சொல்லலாம். மாநிலவாரியாகக் கருத்துக்கணிப்புகளின் சராசரியை எடுத்து, அதில் நாடு முழுவதற்கும் பொதுவான பிழை ஒன்றையும் மாநிலத்துக்குரிய தனிப் பிழையையும் சேர்த்து, 10,000 முறை தேர்தலைக் கணினியில் நடத்திப் பார்க்கிறார்கள். அவற்றில் 2,000 முறை 375ஐத் தொட்டால் பெருவாரி வாய்ப்பு 20 சதவீதம். பொதுப் பிழையை விட்டுவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். தனிப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நெருக்கமான போட்டியில் பெருவாரி வாய்ப்பு சுழியத்தை ஒட்டிவிடும். 1980இல் கடைசிக் கணிப்புகள் பலவும் நெருக்கமான போட்டி என்றே காட்டின. பிழை பல மாநிலங்களில் ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் 489 வந்தது.

——

இரண்டு வரம்புகளையும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வோம்: 'பெருவாரி வெற்றி 90%' என்று எழுதவே கூடாது, அதை வாக்கு விகிதம் என்று படித்துவிடுவார்கள். 'வாய்ப்பு' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். 'தேர்வாளர்' என்பதைத் 'தேர்வர்' என்று சுருக்கவும் வேண்டாம். டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளில் தேர்வர் என்றால் தேர்வு எழுதுபவர்.