பீரோவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

அம்பத்தூரிலிருந்து:

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் நடு அறையில்தான் கட்டில் போட்டோம். பாத்ரூம் பக்கம், ஏசியும் உண்டு. ஆனால் அங்கே இருக்கும் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பகலிலும் ட்யூப்லைட்தான். பத்தே நாளில் அவருக்கு ராத்திரி பகல் குழம்பிவிட்டது. மதியம் முழுக்கத் தூங்குவார், நள்ளிரவு இரண்டு மணிக்கு "விடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்பார். சாப்பாடும் குறைந்துபோனது.

கிழக்கு அறையில் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. அதை அடைத்துக்கொண்டு அம்மாவின் சீர் பீரோ நின்றது. பல வருடமாக அப்படியேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் பீரோவை நகர்த்தினோம். ஜன்னல் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் திறந்தோம். வெளியே பக்கத்து மனை வேப்பமரம், ஒரு கிளை கம்பியை உரசிக்கொண்டு. மறுநாள் காலை ஏழு மணிக்கு வெயில் அவர் போர்வை மேல் விழுந்தது. அப்பா உள்ளங்கையை அதில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இரண்டு வாரத்தில் ராத்தூக்கம் ஒழுங்குக்கு வந்தது. மருந்து, பிசியோதெரபி எல்லாம் கூடவே நடந்தன, ஜன்னல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும் என்று டாக்டரும் சொன்னார். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ட்யூப்லைட் போட்ட அறையில் 200 லக்ஸ் தேறினால் பெரிது. மேகமூட்டமான பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண் பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

அப்புறம் ஒன்று படித்தேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மற்றவர்களுக்குத் தெரிந்தது செங்கல் சுவர். அந்த வரியைப் படித்ததும் எங்கள் நடு அறைதான் கண்முன் வந்தது.

மதுரையிலிருந்து:

அக்கா, நான் ஜன்னலை விட்டுவிட்டுச் செடியில் ஆரம்பித்தேன். இருட்டுப் படுக்கையறையில் மணி பிளான்ட், பாம்புச்செடி என்று எட்டுத் தொட்டி. 1989-இல் நாசா செய்த சோதனையைச் சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள், காற்று சுத்தமாகும் என்று. அது காற்றுப் புகாத பெட்டிக்குள் நடந்த சோதனை. சாதாரண வீட்டில் ஜன்னல் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். என் மணி பிளான்ட்டோ வெளிச்சம் தேடி நீண்டு வெளிறிப்போனது. இப்போது தொட்டிகள் எல்லாம் சமையலறை ஜன்னலோரம். பார்க்கவே மனசுக்கு இதமாக இருக்கிறது, எனக்கு அது போதும். ஒன்று மட்டும்: மேற்கு ஜன்னலை இப்படித் திறந்து போட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர் மே மாத வெயிலுக்கு நான் அங்கே வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கிறேன்.

காரைக்குடியிலிருந்து:

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மழைச்சாரல், குரங்குத் தொல்லை என்று முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிட்டோம். வெளிச்சம் மங்கலாக வந்தது, சூடு மேலே போக வழியில்லாமல் முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள்ளேயே நின்றது. தூணோரம் உட்கார்ந்து அரிசி புடைக்கும் ஆச்சி, தெரு வாசலுக்குப் போய்விட்டார். அவர் முறத்தோடு எழுந்து போனதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஷீட்டைக் கழற்றி இரும்புக் கம்பி வலை மட்டும் போட்டோம். இப்போது மழை முற்றத்துக்குள்ளேயே விழுகிறது. ஆச்சி பழைய தூணுக்கே வந்துவிட்டார்.

அம்பத்தூரிலிருந்து:

பீரோவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நடு அறையில்தான்.