"தெரியலை மிஸ்" என்பதற்கு மேல் பேசாத மாணவிகள்: என்ன செய்யலாம்?

கேள்வி: கணித ஆசிரியை, நிலக்கோட்டைப் பகுதி

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். கடைசி இரண்டு பெஞ்சுகளில் அமரும் ஏழெட்டு மாணவிகள் சேட்டை செய்வதில்லை, எதிர்த்துப் பேசுவதுமில்லை. ஆனால் பாடத்தில் மனம் இல்லை. மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், "தெரியலை மிஸ்" என்று தலைகுனிந்துவிடுகிறார்கள். விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறித்துவிட்டு வருவதால் முதல் பாடவேளையிலேயே சிலர் கண்ணயர்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மில் வேலை, பிறகு கல்யாணம் என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம்போல் இருக்கிறது. சாதனைப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள், மறுநாள் பழையபடிதான். அறிவுரை தவிர வேறு வழி உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மதுரை

"மேலே என்ன படிக்கப் போகிறாய்" என்ற கேள்வியை முதலில் நிறுத்திவிடுங்கள். எந்தப் புடவை எடுப்பது என்பதில்கூடத் தன் விருப்பத்தைக் கேட்டறியாத வீட்டில் வளர்ந்தவள், பத்தாண்டுகளுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி எப்படிப் பதில் சொல்வாள்? கணக்கே வராது என்று நாங்கள் ஒதுக்கிய மாணவி ஒருத்தி, பூக்கடையில் 350 கிராமுக்கான விலையை மனக்கணக்காகச் சொல்வதைத் தற்செயலாகக் கண்டேன். மறுநாள் விகிதப் பாடத்தை அன்றைய பூ விலையிலிருந்து தொடங்கி, கரும்பலகையில் அவளையே எழுதச் சொன்னேன். சாக்பீஸை இருமுறை கீழே போட்டாள், ஆனாலும் முடித்தாள். பிறகு நூலகப் பதிவேட்டை அவளிடம் ஒப்படைத்தேன். முதல் வாரத்தில் அவள் தவறு செய்தபோது பதிவேட்டைப் பிடுங்கிக்கொள்ளாமல் அவளையே திருத்தச் செய்ததுதான், என் கணிப்பில், பாராட்டைவிடப் பலன் தந்தது.

பதில்: முன்னாள் கடைசி பெஞ்சு, ஓசூர்

பத்தாம் வகுப்போடு நேரே பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ சேரலாம், அதை முடித்தால் பொறியியலில் இரண்டாம் ஆண்டிலேயே நுழையலாம் என்பதை எனக்குச் சொன்னது பள்ளியல்ல, பேருந்தில் பக்கத்தில் அமர்ந்த ஓர் அக்கா. கனவைவிட வழிதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பேருந்து, கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்பதை ஒரே தாளில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் அந்த வளாகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதில்: களப்பணியாளர், திண்டுக்கல்

தன்னம்பிக்கைக் குறைவு என்று எல்லாவற்றையும் மாணவியின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில வீடுகளில் மில்லிலிருந்து முன்பணம் ஏற்கெனவே வாங்கப்பட்டிருக்கும். ஆகவே தாய்மார்களிடம் பேசுங்கள். திருமணத்துக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதுவானாலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பதினெட்டு வயதுக்குமுன் திருமண ஏற்பாடு என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தயங்காமல் அழையுங்கள்.

கேட்டவர்:

கணிதப் பாடவேளையை மதியத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை தாய்மார்களை வரச் சொல்லியுள்ளேன். அந்த ஆயிரம் ரூபாய் யார் கணக்கில் வரும் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

களப்பணியாளர்:

மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில். அதை அவர்கள் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.