இனிட் (ஆப்ஜெக்டை உருவாக்கும் மெத்தட்), டீஅலாக் (அது அழியும்போது ஓடும் மெத்தட்), இந்த இரண்டிலும் கெட்டர்/செட்டர் (மதிப்பை எடுக்கும், வைக்கும் மெத்தட்கள்) கூப்பிட்டு மாட்டின அனுபவம் இருக்கா?

பழைய_ஐபோன்காரன்:
ஆப்ஜெக்டிவ்-சியில எழுதின ஐபோன் பாட்டு ஆப். பாட்டு கேட்டுட்டு ஸ்கிரீனை மூடினா ஒண்ணும் ஆகாது. திறந்த கையோட மூடினா கிராஷ். டீஅலாக்ல இருந்தது ஒரே வரி, செல்ஃப்.பிளேயரை நிறுத்தச் சொல்லி. ஆனா அந்த கெட்டர் லேஸி. பிளேயர் இல்லைன்னா அங்கேயே புதுசா ஒண்ணு உருவாக்கி, டெலிகேட்டா (நடக்கிறதைத் தெரிவிக்க வேண்டிய ஆப்ஜெக்டா) செல்ஃபையே கொடுக்கும். டெலிகேட் வீக், அதாவது ஆப்ஜெக்டைப் பிடிச்சு வைக்காத ரெஃபரன்ஸ். போய்க்கிட்டிருக்கிற ஆப்ஜெக்டுக்கு வீக் ரெஃபரன்ஸ் எடுக்க ரன்டைம் விடுமா? 'ஓவர்-ரிலீஸ் (தேவைக்கு மேல விடுவிப்பு) ஆகியிருக்கலாம், இல்லைன்னா டீஅலாக் நடந்துக்கிட்டு இருக்கலாம்'னு கன்சோல்ல சொல்லிட்டு ஆப்பைச் சாய்ச்சிடுச்சு. டீமே முதல் பாதியைப் பிடிச்சுக்கிட்டு, மெமரி விடுவிப்பைக் கம்பைலரே பார்த்துக்கிற ஏஆர்சி ப்ராஜெக்ட்ல ஓவர்-ரிலீஸைத் தேடுச்சு! கெட்டரை விட்டு, வேரியபிளை நேரா தொடுற அண்டர்ஸ்கோர் பிளேயர்னு மாத்தினதும் சரி.

நல்_ராசா:
நம்மது ஜாவா. பேஸ் கன்ஸ்ட்ரக்டர் (இனிட் மாதிரி, ஆப்ஜெக்டை உருவாக்குறது) ஒரு செட்டரைக் கூப்பிடும். சப்கிளாஸ் அதை ஓவர்ரைடு பண்ணி தன் ஃபீல்டுல வச்சுக்கும். டீபக்கர்ல மதிப்பு உள்ளே போறதைக் கண்ணால பார்க்கிறோம். ஆப்ஜெக்ட் கைக்கு வரும்போது நல், அதாவது வெறுமை. ஃபீல்டு அறிவிப்புல யாரோ அழகா '= நல்'னு எழுதி வச்சிருந்தாங்க. சூப்பர் (பேஸ் கன்ஸ்ட்ரக்டர்) முடிஞ்ச பிறகுதானே அது ஓடும், போட்டதைத் துடைச்சிடுச்சு. அந்த '= நல்'லை அழிச்சா வேலை செய்யுது!

ஐவார்_பித்தன்:
@பழைய_ஐபோன்காரன், உங்கள் பிரச்சினை லேஸி கெட்டர். சாதாரண கெட்டராக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கும் ஒருமுறை டீஅலாக்கில் செட்டர் கேவிஓ-வை (மதிப்பு மாறினால் மற்றவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு) தட்டி எழுப்பியது, அதை விடுங்கள். இனிட், டீஅலாக் இரண்டிலும் ஐவாரை (ஆப்ஜெக்டின் சொந்த வேரியபிளை) நேரடியாகத் தொடச் சொல்லி ஆப்பிளின் மெமரி வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனால் பேஸ் கிளாஸின் ஐவார் பிரைவேட் என்றால் சப்கிளாஸ் இனிட்டில் செட்டரை விட்டால் வழியில்லை. சூப்பர் இனிட்டுக்குப் பிறகு கூப்பிடுங்கள். ஸ்விஃப்டுக்குப் போனால் தப்பிக்கலாம் என்பார்கள். சொந்த இனிட்டில் டிட்செட் (மதிப்பு வைத்ததும் ஓடும் கோடு) ஓடாது, உண்மைதான். ஆனால் சூப்பர் இனிட் முடிந்தபின் சப்கிளாஸ் மதிப்பை மாற்றினால் பேஸ் கிளாஸின் டிட்செட் ஓடும். சி++ இன்னும் வேறு: கன்ஸ்ட்ரக்டருக்குள் வர்ச்சுவல் (சப்கிளாஸ் ஓவர்ரைடு செய்யக்கூடிய) அழைப்பு சப்கிளாஸ் வரை இறங்கவே இறங்காது. ஆகவே மொழிக்கு மொழி மாறும்.

பழைய_ஐபோன்காரன்:
சார், அந்த வரியை எழுதினப்போ கெட்டர் சாதாரணமாத்தான் இருந்துச்சு. லேஸி ஆக்கினது பின்னாடி வேற ஆள். அவர் டீஅலாக்கைத் திறந்தே பார்க்கலை.

புது_மெம்பர்:
@நல்_ராசா அண்ணே, கடைசியில அதை அழிச்சுத்தான் ரிலீஸ் பண்ணீங்களா?

நல்_ராசா:
ஆமா தம்பி. பேஸ் கிளாஸ் வேற டீமோடது. மேலே ஒரு கமெண்ட் மட்டும்: 'இங்கே நல் போடாதீர்கள்'.